ஒலி இல்லாத எபிசோடுக்குச் சரவணண்ணன் சொன்ன கதை

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் விளையாட்டுக்கு ஒரு வயது நிறைந்தது. லியோனில் எங்கள் அலுவலகச் சமையலறையில் நின்றபடியே கேக் வெட்டினோம். கேக்கின் மேல் சாக்லேட்டில் ஒரு பெரிய கதவு, அதன் முன்னால் சர்க்கரையில் செய்த குட்டிச் சாமான்கள் வரிசையாக. விளையாட்டில் அந்தக் கதவின் முன்னால் இருப்பதையெல்லாம் அடுத்த செவ்வாய்க்கிழமை துடைத்து எடுத்துவிடப் போகிறோம் என்று அன்று காலையில்தான் எங்களுக்கும் ஆடுபவர்களுக்கும் அறிவிப்பு வந்திருந்தது. கேக்குக்கு முன்னமே சொல்லியாகிவிட்டது. என்ன செய்வது, கைதட்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

ஊரில் என்னைப் பற்றி இருக்கிற எண்ணம் எனக்குத் தெரியும். கருவடிக்குப்பத்தில் அம்மாவிடம் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல கேம் ஆடுது, அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்கிறார். சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆகவே முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் பல வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் ஓடிய ஓர் அறிவியல் புனைகதைத் தொடர், 'ஒன்பதாம் துறைமுகம்'. விண்வெளியில் ஒரு பழைய சரக்குக் கப்பல், ஒரு கேப்டன், ஒரு மருத்துவர், வாராவாரம் ஒரு புதிய இடம். அதைத்தான் நாங்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டாக மாற்றினோம். தொடரில் வந்ததற்கு முரணாக விளையாட்டில் ஒரு ஸ்க்ரூ கூட வந்துவிடக் கூடாது. கப்பலின் கதவு இடது பக்கம் திறக்குமா வலது பக்கமா, மருத்துவரின் ஊர் எது, எந்தக் கிரகத்தில் மழை உண்டு என்று எல்லாவற்றையும் எபிசோடுகளைப் பார்த்துச் சரிபார்ப்பது என் வேலை.

என் வேலையாக இருந்தது.

2

அந்தத் தொடரை நான் முதலில் பார்த்தது பிரான்சில் இல்லை. அப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், எங்கள் ஊர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அவருடைய அப்பா வழியாக வந்தது. கருவடிக்குப்பம் வீட்டு மாடியில் ஒரு டிஷ் போட்டுப் பிரெஞ்சு சேனல் வரவழைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு 'ஒன்பதாம் துறைமுகம்' மறுஒளிபரப்பு. எனக்கு ஆறு வயது, பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அவர் நண்பர்களோடு பெத்தாங்க் ஆடப் போய்விடுவார், இரும்புக் குண்டுகளை உருட்டி விளையாடுவது.

அதனால் எனக்கு மொழிபெயர்த்தவன் சரவணண்ணன். பெரியம்மா பையன், என்னைவிட ஏழு வயது மூத்தவன், இரண்டு தெரு தள்ளி வீடு. அவர்களுக்குக் குடியுரிமை எல்லாம் கிடையாது. நம் ஊரில் பாதிப் பேர் எடுப்பதுபோல அவனும் மார்க்குக்காகப் பள்ளியில் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்திருந்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஆனால் திரையில் இருப்பவர்கள் "புத்தகம் மேசையின் மேல் இருக்கிறது" என்று நிறுத்தி நிதானமாகப் பேசினால்தான் அவனுக்குப் புரியும். அவர்கள் அப்படிப் பேசவே இல்லை.

"இன்னாண்ணா சொல்றாங்க?"

"இரு... அந்த டாக்டரம்மா சொல்லுது, மூணு நாளா தண்ணி லாரி வரலையாம்."

"ஸ்பேஸ்லயா? தண்ணி லாரியா?"

"பின்ன, அங்க போரா போட முடியும்? மொகத்தப் பாரு, எவ்ளோ கோவமா கீது. தண்ணி வரலன்னா உங்கம்மா அப்டித்தான இருப்பாங்க?"

அம்மாவின் முகம் அப்படித்தான் இருக்கும். நான் நம்பினேன். இரண்டு வருடம், சனிக்கிழமை தவறாமல் நம்பினேன்.

பிறகு மறுஒளிபரப்பு நின்றுபோனது, அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். பதினெட்டு வயதில் இங்கே படிக்க வந்தேன். வந்த முதல் குளிர்காலத்தில், பேச ஆளில்லாமல் அறைக்குள் அடைந்து கிடந்தபோது, தொடரில் கிடைத்த எபிசோடுகளையெல்லாம் மறுபடி பார்த்தேன், ஐந்தாம் சீசன் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. டாக்டரம்மா தண்ணி லாரியைப் பற்றிப் பேசவில்லை, விவாகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு எபிசோடில் கூட அண்ணன் சொன்ன கதை இல்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உடனே போன் செய்தேன்.

"அப்டியா?" என்றான். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "நான் சொன்னது நல்லாருந்துச்சா, அது நல்லாருக்கா?"

"நீ சொன்னதுதாண்ணா."

"அப்போ வுடு."

இதை இங்கே குறித்து வைக்கிறேன். அவன் எனக்குச் சொன்னதெல்லாம் கட்டிய கதை என்று எனக்குத் தெரியும். பிற்பாடு தெரியாததுபோல நடந்துகொண்டேனே, அது பொய்.

3

ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டாக்குவதில் முதல் தலைவலி, கேப்டன். தொடரில் ஒரே ஒரு கேப்டன். விளையாட வருகிற ஒவ்வொருவருக்கும் தானே கேப்டன் ஆக வேண்டும். ஆயிரம் கேப்டன்கள் ஒரே கதவை உடைத்தால் அது கதையா, சந்தையா? கேப்டனாக இல்லாமலும் ஒருவருக்குச் செய்ய ஏதாவது இருக்கிற இடம் ஒன்றைத் தேடி மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் அந்த எபிசோடு வந்தது. தொடரின் உரிமை வைத்திருக்கும் நிறுவனம் எல்லா எபிசோடுகளையும் அனுப்பியிருந்தது. அந்த ஐந்தாம் சீசனில் ஒன்றுக்கு மட்டும் படம் இருந்தது, ஒலி இல்லை. அந்தச் சீசனை யாரும் பெரிதாகப் பார்க்கவும் இல்லை. ரசிகர்கள் நடத்தும் தளங்களில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் கிடைத்தது: கைவிடப்பட்ட நிலையத்தில் குழு ஒரு கதவைக் காண்கிறது.

கூட்ட அறையில் அந்த ஊமைப் படத்தை ஓட்டினார்கள். நீண்ட நடைவழி. முடிவில் பெரிய கதவு, மூடியிருக்கிறது. அதன் முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக. ஆட்களுக்கு நடுவே தரையில் ஒரு ஹெல்மெட், ஒரு காலணி, ஒரு பை, பிறகு இரண்டு ஆட்கள், பிறகு ஒரு தொப்பி. கேப்டன் வந்து பார்க்கிறார். ஒரு கிழவி அவரிடம் ஏதோ சொல்லி அழுகிறாள். அவர் தன் கையுறையைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுப் போகிறார். முடிந்தது.

"இதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? சிறுவயதில், எப்போதாவது?" என்றார் பெரெனிஸ். எங்கள் குழுத் தலைவர், மெதுவாகப் பேசுபவர்.

என் புத்தி எழுவதற்குள் கை எழுந்துவிட்டது. எனக்கு அப்படித்தான், எப்போதும்.

நான் பார்த்ததுதான். சரவணண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது வரிக்கு வரி காதில் இருந்தது. "அந்தக் கதவு தெறந்தா அவங்கவங்க ஊருக்குப் போய்டலாம். எப்ப தெறக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆளு இல்லாத எடத்துல சாமான் வெச்சிருக்காங்க பாரு, அவங்க சாப்பிடப் போயிருப்பாங்க, வேலைக்குப் போயிருப்பாங்க. செல பேரு செத்துக்கூடப் போயிருப்பாங்க. ஆனா எடம் அவங்களுதுதான். ஒருத்தரும் நவுத்தக் கூடாது."

"கேப்டன் ஏண்ணா கிளவுஸ வெக்கிறாரு? அவரும் ஊருக்குப் போணுமா?"

"அவருக்கு வாணாம். பின்னால எவனாவது வருவான் இல்ல, அவனுக்கு."

இதைப் பிரெஞ்சில் சொன்னேன். நமக்கு ரேஷன் கடை வாசலில் நாள்தோறும் பார்க்கிற காட்சி, கல்லையும் பையையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். இங்கே அது ஏதோ தத்துவமாகக் கேட்டது. மனிதன் இல்லாதபோது அவனுடைய பொருள் அவனுக்காக நிற்கிறது, மற்றவர்கள் அதை மனிதனாகவே மதிக்கிறார்கள்! காட்சிகளை வடிவமைக்கும் பையன் மடிக்கணினியை மூடிவிட்டு என்னையே பார்த்தான். ஒருவர் எழுந்து பலகையில் வரிசை வரையத் தொடங்கிவிட்டார்.

"நிச்சயம்தானே, நிவி?" என்றார் பெரெனிஸ்.

"நிச்சயம். என் கண்ணால் பார்த்தேன்."

கண்ணால் பார்த்தது உண்மை. காதால் கேட்டது யாரிடமிருந்து என்று சொல்லவில்லை.

4

விளையாட்டு வெளியான அன்று வரிசையை யாரும் சீண்டமாட்டார்கள் என்று பயந்தோம். அங்கே சண்டை கிடையாது, பரிசு கிடையாது. உங்கள் சாமான் ஒன்றை வைக்கலாம், வெளியேறலாம். எப்போதாவது கதவு திறக்கும், வரிசை ஓரடி நகரும். ஒரே விதி, அடுத்தவர் சாமானைத் தொடக் கூடாது. ஒரே மாதத்தில் விளையாட்டிலேயே அதிகக் கூட்டம் கூடும் இடம் அதுவாகிவிட்டது. ஒருவர், இறந்துபோன தன் மனைவி விளையாட்டில் ஆடிய பாத்திரத்தின் தொப்பியை அங்கே வைத்துவிட்டுப் போனார். முன்பின் தெரியாதவர்கள் முறை போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார்கள். எங்களில் யாரும் அவர்களை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

ஊரிலிருந்து சரவணண்ணன் கூப்பிட்டான். இப்போது மூலக்குளத்தில் மனைவியோடும் மகள் யாழினியோடும் குடியிருக்கிறான், பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன் வேலை முடிந்து நேராகப் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு வருடம் விடாமல் படித்து மேல்நிலைத் தேர்வு வரை எழுதினான். இங்கே படிக்க வர விசா கேட்டான், இல்லை என்றார்கள். மறுபடி கேட்கவில்லை.

"பாப்பா! கதவாண்ட சாமானு! அடியேய், அது நான் சொன்னதுடி!"

"ஆமாண்ணா."

"இன்னாடி ஆமாண்ணான்ற சாதாரணமா? இங்க கம்பெனில ஒருத்தனும் நம்ப மாட்றான். உலகம் பூரா ஆடுற கேம்ல உங்கதையாடா, மூடியப் போய் எண்ணுடான்றானுங்க."

சிரித்தோம். பிறகு குரலை இறக்கிக் கேட்டான். "கடைசில எழுத்து ஓடுமே, செஞ்சவங்க பேரு. அதுல போடுவீங்களா? சும்மா சின்னதாத்தான். சரவணன், மூலக்குளம்னு. யாழினி இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்குது."

"கேக்கறேண்ணா."

நான் கேட்கவில்லை. கேட்டால், யார் இந்தச் சரவணன் என்பார்கள். தொடரில் இல்லாததைத் தொடரில் இருப்பதாக நான் சொன்னது வெளியே வரும். அந்த வரிசைக்காக எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளினேன். தீபாவளிக்குக் கூப்பிட்டபோது, "அது வந்து பாப்பா..." என்று ஆரம்பித்தான், "ஒண்ணுமில்ல, வுடு" என்று வைத்துவிட்டான்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்கக் கடல் ஒரு காரணமாகிவிடும். அம்மாவிடமும் அப்படித்தான். மணியை இப்போதெல்லாம் இந்த ஊரின் இருபத்துநாலு மணிக் கணக்கில் நினைத்துத் தமிழில் சொல்கிறேன். "பதினேழு மணிக்குக் கூப்பிடறேன்மா" என்றேன் ஒருநாள். "அந்தக் கடியாரம் நம்ம ஊட்ல இல்லியே" என்றார். பிள்ளைகள் விலகிப் போய்விட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

5

இந்த வருடத் தொடக்கத்தில், தொடரை எழுதியவர்களில் ஒருவரின் வீட்டைக் காலி செய்தபோது பழைய கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. ஒலி இல்லாத எபிசோடும் அதில் இருந்தது.

அந்தக் கதவு கொல்லும் கதவு. வரிசையில் நிற்பவர்கள் தண்டனை பெற்றவர்கள். தரையில் கிடந்த ஹெல்மெட்டும் காலணியும் பையும், ஏற்கெனவே அழிக்கப்பட்டவர்களிடம் மிஞ்சியவை. அந்தக் கிழவி தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறாள். கேப்டனால் முடியவில்லை. வெட்கப்பட்டுக் கையுறையைப் போட்டுவிட்டுப் போகிறார்.

நான் அந்தப் பக்கங்களை மூன்று முறை படித்தேன். படத்தில் ஒவ்வோர் அசைவும் பொருந்தியது. அண்ணன் சொன்னதும் ஒவ்வோர் அசைவுக்கும் பொருந்தியிருந்தது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? படத்தைப் பார்த்துத்தானே அவன் கட்டினான்.

உரிமை நிறுவனத்துக்காரர்கள் கத்தவில்லை. இங்கே கத்தமாட்டார்கள். தொடரின் மிக இருண்ட கதையை நாங்கள் ஆறுதலாக மாற்றிவிட்டோம் என்று மரியாதையாக எழுதினார்கள். திருத்த வேண்டும்: வரிசையைக் காலி செய்துவிட்டுக் கதவைக் கொல்லும் கதவாக்க வேண்டும்.

பெரெனிஸ் என்னைக் கூப்பிட்டு இது எப்படி நடந்தது என்று கேட்டார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போதாவது அவன் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

"சிறுவயது ஞாபகம். ஏதோ ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது" என்றேன்.

"புரிகிறது" என்றார். அதையே விளையாட்டின் இணையதளத்திலும் என் பெயரில் எழுதி, வருத்தம் தெரிவிக்கச் சொன்னார். எழுதினேன். சரிபார்க்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது விளையாட்டில் வரும் சாமான்களுக்குப் பெயர் எழுதுகிறேன். நாற்காலி, உடைந்த நாற்காலி, இன்னும் உடைந்த நாற்காலி.

6

கேக் வெட்டிய அன்று மதியம் அண்ணன் கூப்பிட்டான். இரண்டாம் ஷிஃப்டில் டீ நேரம், பின்னால் இயந்திரச் சத்தம்.

"ஒரு வருசமாமே, வாழ்த்துக்கள் பாப்பா."

"அதை எடுக்கப் போறாங்கண்ணா. வரிசைய. செவ்வாய்க்கெழம."

"படிச்சேன், நீ எழுதனதையும் படிச்சேன். பிரெஞ்சு நல்லா எழுதற. சின்ன வயசு ஞாபகம்னு போட்டிருந்தியே, அது நாந்தான. தெரியாத பாஷையத் தெரிஞ்சமாரி சொல்லி உன் பொழப்புல மண்ணப் போட்டுட்டேன். வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஐயோ, நீ ஏண்ணா..."

"இல்ல, கேக்கறேன். இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அது என் கதை இல்லப்பா, சும்மா பீலா வுட்டேன்னு. நாளைக்கு யாராச்சும் அங்க எழுதிப் போட்டுட்டா உனக்குத்தான பிரச்சன? நல்லா ஓட்டறானுங்க. கேப்டன் வந்துட்டாருடான்றான், மெஷின் லைனுக்குள்ள நொழஞ்சாலே."

"யாழினிகிட்ட?"

"அதுகிட்டயும் சொல்லிட்டேன். ஸ்கூல்ல போய்ச் சொல்லிக்கினு திரியுது, இல்லன்னா."

போனை வைத்த பிறகு என்னால் சமையலறைக்குத் திரும்பிப் போக முடியவில்லை. நேராகப் பெரெனிஸின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: சனிக்கிழமைகள், தண்ணி லாரி, தெரிந்தே சொன்ன பொய், கேட்காமல் விட்ட பெயர். முடித்ததும் அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"அப்படியானால் அது உன் ஞாபகப் பிழை இல்லை" என்றார். "வேறொருவருடைய படைப்பு. அவரைக் கேட்காமல் எடுத்திருக்கிறோம்."

"ஆமாம்."

"அந்தக் கதை தன்னுடையது என்று அவர் கையெழுத்திட்டு எழுதித் தரட்டும். அது இருந்தால் உரிமை நிறுவனத்திடம் பேச எனக்கு ஒரு பிடி கிடைக்கும். தொடரில் வந்தது அல்ல, சரவணன் என்பவர் எழுதிய தனிக் கதை என்று பெயர் போட்டு வரிசையை விட்டுவைக்கக் கேட்கலாம். திங்கள் மதியத்துக்குள் நேரடியாக எனக்கு வர வேண்டும், உன் வழியாக வேண்டாம். மன்னித்துக்கொள், இனிமேல் உன் வழியாக வேண்டாம்." எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "உன்னைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்."

7

சனிக்கிழமை காலையில் கூப்பிட்டேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது, யாழினி எதற்கோ அழுதுகொண்டிருந்தாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். குக்கர் சத்தம் தள்ளிப் போனது, வாசலுக்கு வந்துவிட்டான் போல.

"அண்ணா? நீ எழுதித் தந்தா அவங்க எடுக்காம வுட்டாலும் வுடுவாங்க. உன் பேரும் வரும்."

"உனக்கு இன்னா ஆவும்?"

"அத வுடுண்ணா."

"இன்னா ஆவும்னு கேட்டேன்."

"தெரியல. வேலைய வுட்டு எடுக்கலாம். பரவால்ல, வேற தேடிக்குவேன்."

"உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அப்பா ஊரில் பார்க்கிறவரிடமெல்லாம் என் பதவி உயர்வைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேச்சை மாற்ற, இவ்வளவு வருடத்தில் கேட்காததைக் கேட்டேன். "அந்தக் கதை எங்கேர்ந்துண்ணா புடிச்ச?"

சிரித்தான். "எங்கேர்ந்து புடிப்பாங்க? பிரெஞ்சு கான்சுலேட்டு வாசல்ல, உங்க பாஸ்போர்ட்டு லைன்லதான். உங்கப்பா, உங்கம்மா, நீ, மூணு பேருக்கும் காயிதம் வாங்கறதுக்கு உங்கப்பா அஞ்சு மணிக்கே என்ன அனுப்பி எடம் போடச் சொல்லுவாரு. ஒரு மஞ்சப்பை, உள்ள செங்கல்லு. எனக்கு முன்னால ஒரு பத்துப் பை கெடக்கும். நான் காவலு. உங்கப்பா எட்டு மணிக்கு வந்து நிப்பாரு, நான் அப்டியே ஸ்கூலுக்கு ஓடுவேன்."

"எத்தன நாளுண்ணா?"

"யாரு எண்ணிக்கினு இருந்தா? அந்த வருசம் பூராவும்னு வையி. நல்லாத்தான் இருக்கும், காலங்காத்தால. பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் தம்பி பாத்துக்கடான்னு சொல்லிட்டுப் போவாங்க. ஒருத்தர் பையக்கூட ஒருத்தரத் தொட வுட மாட்டேன்."

அந்தக் காகிதங்களால்தான் நான் இங்கே இருக்கிறேன். அவன் அந்த வரிசையில் தனக்கென்று ஒரு நாளும் நின்றதில்லை. இதை அவன் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னான், அவ்வளவுதான்.

"சரி, மெயில் ஐடி குடு" என்றான். "எழுதி அனுப்பறேன். பிரெஞ்சுலதான எழுதணும்?"

"ஆமாண்ணா. தமிழ்ல எழுதினாலும் நான்..."

"வேணாம் வேணாம். நானே எழுதறேன்."

ஞாயிறு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை போனால் போகட்டும் என்று உண்மையாகவே தோன்றியது. க்ரெடிட்ஸில் அவன் பெயரை எந்த இடத்தில் போடச் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

8

திங்கள் பதினோரு மணிக்குப் பெரெனிஸ் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். கையால் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தான். அலுவலகக் கடிதத்துக்கு இங்கே எப்படி ஓரம் விட வேண்டுமோ அப்படி விட்டு, ஊரும் தேதியும் வலது மூலையில். தமிழில் சொல்கிறேன்.

"மதிப்புக்குரிய அம்மையீர்,

கீழே கையொப்பமிடும் சரவணன் ஆகிய நான், என் மனசாட்சியின் பேரில் உறுதி கூறுவதாவது: தங்கள் விளையாட்டில் இடம்பெற்றுள்ள வரிசையின் கதைக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. என் தங்கை அந்த நிகழ்ச்சியைச் சிறுவயதில் தானே பார்த்தாள், தானே புரிந்துகொண்டாள். அவள் தங்களிடம் வேறுவிதமாகக் கூறியிருந்தால், அது என்மீது கொண்ட பாசத்தால் மட்டுமே. நான் அவள் அருகில் அமர்ந்திருந்தது உண்மை. ஆனால் நான் அவளுக்கு எதையும் மொழிபெயர்த்திருக்க இயலாது. ஏனெனில் எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

அம்மையீர், தங்கள் மீதான என் ஆழ்ந்த மரியாதையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்."

ஒரு பிழை இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தடுமாறுகிற இடங்களில்கூட வினைச்சொற்கள் சரியாக இருந்தன. இரண்டு வருடம் வேலை முடிந்து போய்ப் படித்ததையெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இறக்கி வைத்திருந்தான்.

"இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்றார் பெரெனிஸ்.

"அவனேதான் எழுதினான்."

அவர் தாளைப் பார்த்தார், பிறகு என்னை. கோபம் கூட இல்லை அந்த முகத்தில், களைப்புதான்.

"போதும், நிவி."

நான் விளக்கத் தொடங்கினேன். வேலையைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறான், அவனுக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சு வரும், எல்லாம் அந்தப் பாஸ்போர்ட் வரிசையில் வந்த கதை. சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டிய கதைபோலக் கேட்டது. நிறுத்திவிட்டேன். என் வேலை அப்படியே இருக்கிறது. நாற்காலிகளுக்குப் பெயர் எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குச் சர்வரை நிறுத்தினார்கள். பதினோரு மணிக்கு மறுபடி திறந்தபோது நடைவழியில் ஒன்றும் இல்லை. உள்ளே வந்தவர்கள் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள்.

இதைப் படிப்பவர்களில் மேட்டுப்பாளையத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கலாம், மூலக்குளத்தில் குடியிருப்பவர்களும் இருக்கலாம். அந்த வரிசை சரவணன் செய்தது, கதவும், சாமான்களும், அடுத்தவர் இடத்தைத் தொடக் கூடாது என்ற விதியும் அவனுடையவை. கேட்டுப் பாருங்கள், இல்லை என்பான். அவன் சொல்வதை நம்பாதீர்கள்.